மொனாக்கோ: நடந்தே சுற்றிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

மொனாக்கோவின் பரப்பு சுமார் 2.08 சதுர கிலோமீட்டர். ஐந்நூறு ஏக்கரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். உலகில் இதைவிடச் சிறிய நாடு வாட்டிகன் மட்டுமே. இந்த இடத்துக்குள் ஓர் அரண்மனை, ஒரு பேராலயம், இரண்டு துறைமுகங்கள், கால்பந்து மைதானம், புகழ்பெற்ற சூதாட்ட மாளிகை, முப்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் என எல்லாம் அடங்கியிருக்கின்றன. மூன்று பக்கமும் பிரான்ஸ், நான்காவது பக்கம் மத்தியதரைக் கடல்.

பணக்காரர்களின் ஊர் என்று கேள்விப்பட்டதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். பக்கத்துப் பிரெஞ்சு நகரமான நீஸிலிருந்து வந்து, சூதாட்ட மாளிகை முன் நிற்கும் ஃபெராரி கார்களைப் படமெடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. செங்குத்தான ஒரு பாறையையும் கொஞ்சம் கடலையும் வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே கட்டியிருக்கிறார்கள்; பார்க்க வேண்டியது அதைத்தான். அதற்கு ஒரு முழு நாளும் நல்ல செருப்பும் போதும். செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு ஆகாது.

புறப்படும் முன்: விசா, பருவம், தங்கும் இடம்

மொனாக்கோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனாலும் பிரான்ஸுடன் எல்லைக் கட்டுப்பாடு கிடையாது. தெருவின் இந்தப் பக்கம் மொனாக்கோ, அந்தப் பக்கம் பிரான்ஸ் என்ற அளவில்தான் எல்லை ஓடுகிறது. எனவே இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா போதும்; தனி விசா வேண்டாம். பயணத்தில் அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீஸில் தங்கி மொனாக்கோவுக்கு வந்துபோவதாக இருந்தால் பிரான்ஸ் விசா. பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ, அதோடு சேவை மையக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். கோடை விடுமுறைக்குப் போவதென்றால் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு, மூன்று மாதம் முன்பே பதிந்துவிடுங்கள்.

ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை போவது நல்லது. ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் நெரிசல். குளிர்காலம் இங்கே மிதமானது. ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெயிலில் நடக்கலாம். கார் பந்தய வாரம் மட்டும் தனிக் கணக்கு. நெடுங்காலம் மே கடைசியில் நடந்த கிராண்ட் பிரி பந்தயத்தை 2026 முதல் ஜூன் முதல் வாரக் கடைசிக்கு மாற்றியிருக்கிறார்கள். பந்தயம் பார்க்க வராதவர்கள் அந்த வாரத்தையும் அதற்கு முந்தைய சில வாரங்களையும் தவிர்ப்பது நல்லது. பார்வையாளர் மேடைகளும் தடுப்புகளும் கட்டத் தொடங்கிவிட்டால் துறைமுகத்தின் பாதிக் காட்சி மறைந்துபோகும். நவம்பர் 19 தேசிய தினம். ஜனவரி 26 இரவு நாட்டின் காவல் புனிதரான செயின்ட் தெவோத்தின் நினைவாக ஒரு படகைக் கொளுத்துவார்கள். அரச குடும்பமே வந்து தீ வைக்கும். அந்த நாளில் அந்தப் பக்கம் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

தங்குவதற்கு மொனாக்கோவுக்குள் அறை தேடாதீர்கள். இங்கே வீடு விற்கும் விலை சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு 50,000 யூரோவைத் தாண்டி நிற்கிறது. சதுர அடிக்கு நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல். ஹோட்டல் வாடகையும் அந்த மண்ணின் விலைக்கு ஏற்பத்தான் இருக்கும். நீஸில் தங்குவது எல்லா வகையிலும் வசதி. பக்கத்திலேயே இருக்க வேண்டுமென்றால் போசோலெய் என்ற பிரெஞ்சு ஊர், சூதாட்ட மாளிகை இருக்கும் மான்டே கார்லோ பகுதியின் தலைக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து படியிறங்கினால் வேறு நாடு.

வந்து சேர்வது

மொனாக்கோவில் விமான நிலையம் இல்லை. நீஸில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஏழே நிமிடத்தில் ஹெலிகாப்டரும் பறக்கிறது, அது வேண்டியவர்களுக்கு. நமக்கு ரயில்தான் சரி. நீஸின் பிரதான நிலையத்திலிருந்து 20 முதல் 25 நிமிடம், கட்டணம் ஐந்து யூரோவை ஒட்டி. வண்டியில் வலது பக்கச் சன்னலில் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான். வில்பிரான்ஷ், போலியூ, எஸ் என்று சுரங்கங்களுக்கு இடையே கடலோர ஊர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்து மறையும்.

காலை ஏழரை முதல் ஒன்பது வரை அந்த ரயிலில் ஏறாதீர்கள். மொனாக்கோவில் வேலை பார்க்க பிரான்ஸிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் தினமும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து போகிறார்கள். நாட்டின் மக்கள்தொகையைவிட இது அதிகம். அலுவலகக் கூட்டம் கரைந்தபின் ஒன்பது மணிக்கு மேல் கிளம்புங்கள்.

மொனாக்கோ நிலையம் பாறைக்குள் குடையப்பட்டது. 1999-ல் திறந்தார்கள். தண்டவாளத்தை முழுக்க நிலத்தடிக்குக் கொண்டுபோனதால் மேலே விடுபட்ட இடமெல்லாம் கட்டடத்துக்குக் கிடைத்தது. நிலையத்துக்குப் பல வாசல்கள், ஒவ்வொன்றும் மலையின் ஒவ்வொரு மட்டத்தில் திறக்கும். தவறான வாசலில் வெளியே வந்தால் போக வேண்டிய இடம் கண்ணெதிரே பத்து மாடி கீழே தெரியும். நாம் போகப்போவது பாறைமேல் உள்ள பழைய நகரம் என்பதால் 'ரோஷே', 'ஃபோன்வியே' என்று காட்டும் பலகையைப் பின்பற்றுங்கள்.

ரயிலில் வரும்போதே போனில் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பா முழுதுக்கும் என்று வாங்கிய சிம் கார்டு மொனாக்கோவில் செல்லாமல் போகலாம், அல்லது தனிக் கட்டணம் பிடிக்கலாம். இது ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடு, தொலைபேசிக் குறியீடே வேறு, 377. உங்கள் திட்டத்தின் நாடுகள் பட்டியலில் மொனாக்கோ பெயர் இல்லையென்றால் டேட்டாவை அணைத்துவிட்டு வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரைப் படிப்பது எப்படி

மொனாக்கோவில் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தை வரைபடத்தில் அளந்தால் ஏமாந்து போவீர்கள். இருநூறு மீட்டர் என்று காட்டும், ஆனால் அது மலைக்குமேல் இருநூறு மீட்டர். இதற்காகவே அரசு ஊர் முழுக்கப் பொது லிஃப்டுகளும் நகரும் படிகளும் வைத்திருக்கிறது. அத்தனையும் இலவசம். ஏதோ ஒரு கட்டடத்தின் வாசல் போலத் தெரியும் கண்ணாடிக் கதவுக்குள் நுழைந்து பொத்தானை அழுத்தினால், கதவு திறக்கும்போது வேறொரு தெருவில் இருப்பீர்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களும் குழந்தை வண்டி தள்ளுபவர்களும் இவ்வளவு செங்குத்தான ஊரில் சிரமமில்லாமல் நடமாட முடிகிறது. பணம் இருந்தால் போதாது, அதை இப்படிச் செலவழிக்கத் தெரிய வேண்டும்.

துறைமுகத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மின்சாரப் படகு ஒன்றும் ஓடுகிறது. நகரப் பேருந்தில் 1, 2 எண்கள் பழைய நகரத்துக்கு ஏறும். வாடகைக் கார் எடுத்து வந்தால் கீழே நிறுத்திவிடுங்கள், பழைய நகரப் பாறைக்கு வெளியூர் வண்டிகளை விடுவதில்லை.

காலை: சந்தை, பாறை, அருங்காட்சியகம்

நிலையத்திலிருந்து நடந்தால் முதலில் வருவது பிளாஸ் தார்ம் சதுக்கம். அங்கே 1880 முதல் இயங்கும் லா கொந்தாமீன் சந்தை இருக்கிறது. காலை உணவை இங்கே வைத்துக்கொள்ளுங்கள், விலை நியாயமாக இருக்கும். சோக்கா என்று ஒன்று கேளுங்கள். கொண்டைக்கடலை மாவைக் கரைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, பெரிய வட்டத் தட்டில் அடுப்புக்குள் சுட்டு, துண்டு துண்டாக வெட்டி மிளகு தூவித் தருவார்கள். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, நம் கடலை மாவு தோசையைப் போலவே இருக்கும். பார்பஜுவான் என்பது இந்த நாட்டின் தேசியப் பலகாரம்: கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துப் பொரித்த சிறு பொட்டலம். சைவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வெங்காயம் பரப்பிய பிசலாதியேர் பார்க்கச் சைவம் போலத் தோன்றும், ஆனால் அதில் நெத்திலி மீன் உண்டு. முட்டையும் சாப்பிடாதவர்கள் பார்பஜுவானிலும் கேட்டு வாங்குவது நல்லது.

சந்தையிலிருந்து செங்கல் பாவிய சரிவுப் பாதை ஒன்று அரண்மனைக்கு ஏறுகிறது. பெயர் ராம்ப் மஜோர். நிதானமாக ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடம், பழைய கோட்டை வாசல்களைக் கடந்து மேலே வருவீர்கள். மேலே துறவி வேடத்தில் ஒரு வெண்கலச் சிலை நிற்கும். அங்கிக்குள் கத்தி. 1297 ஜனவரி 8-ம் தேதி இரவு பிரான்செஸ்கோ கிரிமால்டி பிரான்சிஸ்கன் துறவி வேடமிட்டுக் கோட்டைக்குள் நுழைந்து அதைப் பிடித்தார் என்பது வரலாறு. நாட்டின் சின்னத்தில் இன்றும் வாளேந்திய இரண்டு துறவிகள் இருக்கிறார்கள். இடையில் இழப்புகளும் ஆக்கிரமிப்புகளும் இருந்தாலும், ஏழு நூற்றாண்டுக்குப் பிறகும் ஆள்வது அதே கிரிமால்டி குடும்பம். இப்போதைய இளவரசர் இரண்டாம் ஆல்பர்ட், 2005 முதல். இங்கே அரசர் என்ற பட்டம் கிடையாது, நாட்டுத் தலைவரே இளவரசர்தான்.

காவலர் மாற்றம் தினமும் சரியாக 11:55-க்கு. ஆகவே அதற்கு முன் கிடைக்கும் நேரத்தில் பழைய நகரத்தின் மறுகோடிக்குப் போய்விடுங்கள். குறுகிய சந்துகளில் தெருப் பெயர்ப் பலகைகள் இரண்டு மொழிகளில் இருக்கும். ஒன்று பிரெஞ்சு, இன்னொன்று மொனெகாஸ்க், வடமேற்கு இத்தாலியின் லிகுரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த உள்ளூர் மொழி. பேசுபவர்கள் குறைந்துபோனதால் பள்ளிகளில் கட்டாயமாகக் கற்பித்துக் காப்பாற்றுகிறார்கள்.

அந்தக் கோடியில் கடலியல் அருங்காட்சியகம். மொனாக்கோவில் காசு கொடுத்துப் பார்க்க ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். கடல் மட்டத்திலிருந்து 85 மீட்டர் உயரத்துக்குப் பாறை விளிம்பிலிருந்தே எழும் கட்டடம். 1910-ல் திறந்தது. கட்டியவர் முதலாம் ஆல்பர்ட். இந்த இளவரசர் ஆய்வுக் கப்பல்களில் ஏறி அட்லான்டிக்கிலும் ஆர்க்டிக்கிலும் தானே ஆழ்கடல் ஆய்வு செய்தவர். 1901-ல் அவருடைய கப்பலில் பயணம் செய்த ஷார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் ஜெல்லி மீன் போன்ற ஒருவகைக் கடல் உயிரியின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். இரண்டாவது முறை மிகச் சிறிய அளவு நஞ்சு ஏறினாலே உயிரைப் பறிக்கும் ஒவ்வாமை ஏற்படலாம் என்ற கண்டுபிடிப்பு அங்கிருந்துதான் பிறந்தது. இன்று மருத்துவமனைகளில் அனபிலாக்ஸிஸ் என்று சொல்வது அதைத்தான். ரிஷே அதற்காக 1913-ல் நோபல் பரிசு பெற்றார். நிலமில்லாத நாட்டின் இளவரசர் கடலையே தன் நாடாக எண்ணி ஆராய்ந்தார் என்று எனக்குத் தோன்றும். பின்னாளில் கடல் ஆய்வாளர் ழாக் கூஸ்தோ 1957 முதல் 1988 வரை இந்த நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தார். கீழ்த்தளத்தில் மீன் தொட்டிகள், மேலே திமிங்கல எலும்புக்கூடுகள், மொட்டைமாடியில் நாடு முழுவதும் ஒரே பார்வையில். குழந்தைகளோடு வந்தால் கூடுதல் நேரம் வையுங்கள்.

வெளியே வந்து, இலவசமான செயின்ட் மார்ட்டின் தோட்டத்தின் வழியாகப் பேராலயத்துக்கு நடங்கள். பக்கத்து மலையான லா துர்பியின் வெள்ளைக் கல்லில் கட்டியது. பீடத்துக்குப் பின்னால் வளைந்து செல்லும் நடையில் இளவரசர்களின் கல்லறைப் பலகைகள் தரையோடு பதிந்திருக்கும். அதில் ஒன்றில் லத்தீன் மொழியில் 'கிராசியா பாத்ரிசியா' என்றிருக்கும். ஹாலிவுட்டை விட்டு 1956-ல் அப்போதைய இளவரசர் மூன்றாம் ரெய்னியரை மணந்து, 1982-ல் கார் விபத்தில் இறந்த நடிகை கிரேஸ் கெல்லியின் கல்லறை அது. பெரும்பாலும் அதன் மேல் பூக்கள் இருக்கும். இது வழிபாட்டு இடம், தோளும் முழங்காலும் மூடிய உடை அணியுங்கள். இங்கிருந்து அரண்மனை ஐந்து நிமிடம். பதினொன்றரைக்கே போய் முன்வரிசையில் நின்றால் காவலர் மாற்றம் நன்றாகத் தெரியும். கோடையில் வெள்ளைச் சீருடை, குளிர்காலத்தில் கறுப்பு.

பிற்பகல்: பந்தயப் பாதையே நம் பாதை

கீழே இறங்கிச் சாப்பிட்டபின் துறைமுகத்துக்கு வாருங்கள். ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்கும் 3.337 கிலோமீட்டர் பாதை முழுவதும் பொதுச் சாலைதான். ஆண்டின் மற்ற நாட்களில் யார் வேண்டுமானாலும் நடைபாதையில் நடந்து சுற்றலாம், காசு கிடையாது. ஊரின் முக்கால்வாசி இதே வளையத்தில் வந்துவிடுவதால் தனியாகத் திட்டம் போட வேண்டியதில்லை.

தொடக்கக் கோடு துறைமுகத்தை ஒட்டிய முதலாம் ஆல்பர்ட் சாலையில். முதல் திருப்பம் செயின்ட் தெவோத். பெயருக்குக் காரணமான சிறிய தேவாலயம் மலைப் பிளவுக்குள் ஒடுங்கி நிற்கும். அங்கிருந்து மான்டே கார்லோவுக்குச் செங்குத்தான ஏற்றம். நடந்து ஏறும்போதுதான் இந்தச் சாலை எவ்வளவு குறுகல், கார்கள் எவ்வளவு நெருக்கத்தில் சுவரை உரசிப் போகின்றன என்பது புரியும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஷார்ல் லெக்லேர் 2024-ல் இங்கே வென்றார். அதற்கு முன் சொந்த மண்ணில் வென்ற மொனாக்கோக்காரர் லூயி ஷிரோன், 1931-ல்.

ஏற்றம் முடியும் இடத்தில் சூதாட்ட மாளிகை. இதன் கதை தெரிந்தால்தான் இந்த நாட்டின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று புரியும். 1861-ல் மென்டோன், ரோக்புருன் என்ற இரண்டு ஊர்களும் 40 லட்சம் பிராங்குக்கு பிரான்ஸிடம் போயின. நாட்டின் பரப்பில் 95 சதவீதம் அதோடு போனது. எலுமிச்சை, ஆலிவ் விளைந்த நிலமெல்லாம் அங்கேதான் இருந்தது. மிஞ்சியது பாறை. கஜானா காலி. அப்போதைய இளவரசர் மூன்றாம் சார்லஸ், ஜெர்மனியில் சூதாட்ட விடுதி நடத்திப் பெயர்பெற்ற பிரான்சுவா பிளாங்கை அழைத்து உரிமம் கொடுத்தார். 1863-ல் விடுதி திறந்தது, 1866-ல் அந்தக் குன்றுக்கு இளவரசரின் பெயரால் மான்டே கார்லோ என்று பெயர் வைத்தார்கள், 1868-ல் ரயில் வந்தது. 1869-ல் இளவரசர் குடிமக்களுக்கு நேரடி வரியையே ரத்து செய்தார். வருமான வரி இன்றுவரை கிடையாது. பிரெஞ்சுக் குடிமக்களுக்கு மட்டும் 1963 ஒப்பந்தப்படி அந்தச் சலுகை இல்லை. அரசின் இன்றைய வருமானத்தில் சூதாட்டத்தின் பங்கு மிகச் சிறியது, பெரும்பகுதி மதிப்புக்கூட்டு வரியிலிருந்து வருகிறது. அந்த வரி பிரான்ஸைப் போலவே 20 சதவீதம். எனவே வரியில்லாத நாடு, பொருள் மலிவாக இருக்கும் என்ற எண்ணத்தோடு கடைக்குள் போகாதீர்கள்.

மாளிகையின் முன்கூடம் வரை இலவசமாகப் போகலாம். உள்ளே ஆட்ட அறைகளுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், பாஸ்போர்ட் காட்ட வேண்டும், உடையும் ஒழுங்காக இருக்க வேண்டும். மொனாக்கோ குடிமக்கள் இங்கே ஆடுவதற்குச் சட்டப்படி தடை. நான் ஆட்டத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். ரூலெட் என்பது சுழலும் பந்து சிவப்பில் விழுமா கறுப்பில் விழுமா என்று பணம் வைக்கும் ஆட்டம். 1913 ஆகஸ்ட் 18 அன்று இங்கே ஒரு ரூலெட் மேசையில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. 'இனி சிவப்புதான்' என்று நம்பிப் பணம் வைத்தவர்கள் லட்சக்கணக்கான பிராங்குகளை இழந்தார்கள். சுழலும் பந்துக்கு முந்தைய முடிவுகள் நினைவிருப்பதில்லை. கட்டடத்தைப் பாருங்கள், பாரிஸ் ஓப்பராவைக் கட்டிய ஷார்ல் கார்னியேதான் இங்கும் 1879-ல் ஓப்பரா அரங்கைக் கட்டினார்.

இங்கிருந்து இறங்கினால் கொண்டை ஊசி வளைவு, ஃபார்முலா ஒன் உலகிலேயே மிக மெதுவான திருப்பம். ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் கார்கள் ஊர்ந்து திரும்பும். சிவப்பு வெள்ளைச் சாயம் பூசிய ஓரக்கல் ஆண்டு முழுவதும் அப்படியே இருக்கும். இந்த இடத்தில் ஒரு காலத்தில் ரயில் நிலையம் இருந்தது.

வளைவைத் தாண்டிக் கடலோரம் வந்ததும் பந்தயப் பாதையை விட்டுக் கிழக்கே திரும்புங்கள். 1994-ல் அமைத்த ஜப்பானியத் தோட்டம் இலவசம், கால் ஆற நல்ல இடம். அதற்குக் கடல் பக்கம் மாரெதெர்ரா. 2024 டிசம்பரில் திறந்த புதிய குடியிருப்பு, ஆறு ஹெக்டேர், முழுவதும் கடலில் எழுப்பிய நிலம். ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன் எடையுள்ள 18 கான்கிரீட் பெட்டகங்களைக் கடலில் வரிசையாக இறக்கி, அந்த அணைக்குள் மணல் நிரப்பினார்கள். அங்கே வளர்ந்திருந்த கடற்புல்லை மண்ணோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டார்கள். வீடுகள் கோடீஸ்வரர்களுக்குத்தான், ஆனால் கடலோர நடைபாதை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அடுத்து லார்வோத்தோ கடற்கரை, பொதுமக்களுக்கு இலவசம். தரை கூழாங்கல், நீர் செருப்பு இருந்தால் நல்லது. குளித்த ஈர உடையோடோ, சட்டையில்லாமலோ, வெறுங்காலோடோ தெருவில் நடந்தால் காவலர் நிறுத்துவார். இந்த ஊரில் அது விதிமீறல்.

திரும்பி வந்து சுரங்கப்பாதைக்குள் நடங்கள். ஓரத்தில் நடைபாதை உண்டு. பந்தய நாளில் இதன் வழியே 250 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்ந்து, இருட்டிலிருந்து திடீரென்று வெயிலுக்கு வந்து, உடனே பிரேக் போட வேண்டும். அந்த இடத்தில்தான் 1955-ல் இத்தாலியப் பந்தய வீரர் ஆல்பெர்ட்டோ அஸ்காரியின் கார் தடுப்பை உடைத்துக்கொண்டு துறைமுக நீரில் விழுந்தது. அவர் நீந்தி வெளியே வந்துவிட்டார். நான்கே நாளில் இத்தாலியின் மோன்சாவில் வேறொரு காரை ஓட்டிப் பார்க்கும்போது இறந்துபோனார்.

துறைமுகத்தில் எல்லோரும் படகுகளையே பார்ப்பார்கள். நீங்கள் வாசலில் உள்ள அலைத்தடுப்பைப் பாருங்கள். 352 மீட்டர் நீளம், ஒரு லட்சத்து அறுபதாயிரம் டன்னுக்கு மேல் எடை, ஆனால் தரையில் ஊன்றியதல்ல, மிதக்கிறது. ஸ்பெயினின் அல்ஹெசிராஸில் கட்டி, 2002-ல் கடல் வழியே இழுத்து வந்து, கரையோடு ராட்சத உலோக மூட்டு ஒன்றால் பூட்டினார்கள். உள்ளே வண்டி நிறுத்துமிடமும் இருக்கிறது.

நேரமும் தெம்பும் மிச்சமிருந்தால் பாறையின் மறுபக்கம் ஃபோன்வியே. இந்தப் பகுதி முழுவதும் 1970-களில் ரெய்னியர் கடலை நிரப்பி உண்டாக்கியது. கிரேஸ் நினைவாக 1984-ல் திறந்த ரோஜாத் தோட்டம் மே மாதத்தில் பார்க்க வேண்டியது. பக்கத்தில் இரண்டாம் லூயி மைதானம். கால்பந்துத் திடலே வண்டி நிறுத்தும் மாடிகளின் மேல்தான் இருக்கிறது. சதுரங்கப் பிரியர்களுக்கு ஒரு செய்தி: மெலடி அம்பர் போட்டி பல ஆண்டுகள் மொனாக்கோவில்தான் நடந்தது, விஸ்வநாதன் ஆனந்த் அதைப் பலமுறை வென்றிருக்கிறார்.

பணம், முத்திரை, திரும்பும் வழி

புழங்குவது யூரோ. மொனாக்கோ தன் பெயரில் நாணயம் அச்சிடுகிறது. 2007-ல் கிரேஸ் கெல்லி உருவத்தோடு வந்த இரண்டு யூரோ நாணயம் 20,001 மட்டுமே என்பதால் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுக்கிறார்கள். சுற்றுலா அலுவலகத்தில் ஞாபகார்த்த முத்திரை குத்தித் தருவார்கள். அதை ஒரு காகிதத்திலோ நோட்டிலோ வாங்கிக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட்டில் வேண்டாம். அதிகாரபூர்வமற்ற முத்திரையால் பின்னால் வேறு நாட்டு விமான நிலையத்தில் கேள்வி வரலாம்.

காலையில் வந்த அலுவலகக் கூட்டம் மாலை ஐந்து முதல் ஆறரைக்குள் திரும்பும். ஏழு மணிக்கு மேல் ரயில் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும். கடைசி வண்டி நேரத்தை மட்டும் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிரான்ஸில் வேலைநிறுத்த நாட்களில் வண்டிகள் வெகுவாகக் குறையும். அப்போது கடலோரச் சாலையில் நீஸுக்குப் போகும் பேருந்து கைகொடுக்கும். ஒரு மணி நேரம்கூட ஆகலாம். மறுநாளும் கையில் இருந்தால் எதிர்த்திசையில் ரயிலேறிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மென்டோன் போய் வாருங்கள். மொனாக்கோ கைவிட்ட எலுமிச்சை ஊர் அதுதான். பிப்ரவரியில் போனால் எலுமிச்சைத் திருவிழாவே நடக்கும்.